மருதம்பட்டைதானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு கையெழுத்து?

ஒப்புதல் படிவத்தை நீட்டியதும் பாதிப் பேர் கேட்கிற கேள்வி இதுதான். திருப்புடைமருதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "எங்க கோயில் மரமே மருதுதாம்மா. சின்னப் பிள்ளையில அது மேல ஏறி ஆத்துக்குள்ள குதிச்சிருக்கோம். அந்தப் பட்டைய மாத்திரைக்குள்ள அடைச்சுக் குடுக்கதுக்குப் பதினாலு பக்கம் எதுக்கு?" என்றார். பதினாலு பக்கம் என்று அவர் எண்ணியது சரிதான். அத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன், நான் ஒரு நாளும் எண்ணியதில்லை.

நான் ஒரு ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் ட்ரையல் கோஆர்டினேட்டர். நர்சிங் படித்து, இதய வார்டில் சில வருடம் நைட் டூட்டி பார்த்து, முதுகு போனபிறகு இந்த வேலைக்கு வந்தேன். ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது, படிவத்தை வாசித்து விளக்குவது, மாத்திரை எண்ணுவது, வராதவருக்குப் போன் போடுவது, நடந்த எல்லாவற்றையும் எழுதி வைப்பது, இவ்வளவுதான் வேலை. அதில் கடைசியாகச் சொன்னது மட்டுமே முக்கால்வாசி. இப்போது ஓடிக்கொண்டிருப்பது மருதம்பட்டை எக்ஸ்ட்ராக்ட் அடைத்த கேப்ஸ்யூல். ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள் தங்கள் வழக்கமான மாத்திரைகளோடு கூடுதலாக இதையும் சாப்பிடுவார்கள். பாதிப் பேருக்கு நிஜ கேப்ஸ்யூல், மீதிப் பேருக்கு அதே நிறத்தில் டம்மி. யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முன்னும் பின்னும் கையில் ஒரு ஸ்கேன் எடுத்து, ரத்தக் குழாயின் இளகும் தன்மை கூடியிருக்கிறதா என்று பார்க்கிறோம். ரகசிய எண்கள் உள்ள உறையை இன்னும் பிரிக்கவில்லை, அதனால் வேலை செய்கிறதா என்று கேட்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரி என்றும் கேட்காதீர்கள். இடையில் நான் பார்த்தவை, பட்டவை மட்டும் இங்கே.

முதலில் அந்த ஸ்கேன். நோயாளிகளுக்கு எடுப்பதற்கு முன் பழகிக்கொள்ள ஆள் வேண்டும் என்று டெக்னீஷியன் என்னைத்தான் படுக்க வைத்தார். ஏசி ஓடுகிற, வெளிச்சம் குறைத்த அறையில் பதினைந்து நிமிடம் சும்மா படுத்திருக்க வேண்டும். அப்புறம் முழங்கைக்கு மேலே ஸ்கேன் கருவியை வைத்து ரத்தக் குழாயைப் பிடிப்பார்கள். முழங்கைக்குக் கீழே பி.பி. கஃப் கட்டி, ரத்த ஓட்டம் சுத்தமாக நிற்கிற அளவுக்குக் காற்றடித்து ஐந்து நிமிடம் வைத்திருப்பார்கள். மூன்றாவது நிமிடத்தில் விரல்களில் எறும்பு ஊரும். நாலாவது நிமிடத்தில் இது யார் கை என்று தோன்றும். கஃப்பைத் திறந்ததும் தேங்கிய ரத்தம் வேகமாகப் பாயும், அந்தப் பாய்ச்சல் உரசுவதை ரத்தக் குழாயின் உள்படலம் உணர்ந்து நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை வெளியிடும், குழாய் ஒரு நிமிடத்துக்குள் கொஞ்சம் விரியும். எவ்வளவு விரிகிறது என்பதுதான் கணக்கு. உள்படலம் நன்றாக இருந்தால் நன்றாக விரியும். சர்க்கரை, சிகரெட், பி.பி., கொழுப்பு என்று அடிபட்ட குழாய் அவ்வளவாக விரியாது. 1992இல் லண்டனில் செலர்மஜெர் குழு இந்த முறையைப் பற்றி எழுதியதிலிருந்து உலகம் முழுக்க இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

விரிகிறது என்றால் பலூன் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். மேல்கை ரத்தக் குழாயின் குறுக்களவு சுமார் 4 மில்லிமீட்டர். அதில் 5 சதவீதம் விரிந்தால் 0.2 மில்லிமீட்டர், இரண்டு ஏ4 தாளை அடுக்கினால் வருகிற தடிமன். ஏதோ ஒரு மருந்து அதை 5 சதவீதத்திலிருந்து 7 ஆக்கியது என்று எங்காவது படித்தால், பேச்சு ஒரு தாளின் தடிமனுக்கும் குறைவான வித்தியாசத்தைப் பற்றியது. டெக்னீஷியன் கருவியை ஒரு நூல் நகர்த்தினாலே அந்த வித்தியாசம் வந்துவிடும். அதனால்தான் முதல் ஸ்கேன் எடுத்தவரே கடைசி ஸ்கேனும் எடுக்க வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிப்போம். எங்கள் டெக்னீஷியன் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டபோது முகூர்த்தத் தேதியை வைத்து நோயாளிகளின் தேதிகளை மாற்றினோம்.

உள்படலத்தின் மகிமையே ஒரு கைத்தவறில்தான் வெளியே வந்தது என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் என்பவர் முயலின் ரத்தக் குழாய்த் துண்டுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சொட்டினால் துண்டு சுருங்கும் என்பது அவர் அதுவரை கண்டது. ஒருநாள் அது விரிந்தது. நோண்டிப் பார்த்தால், துண்டை வெட்டித் தயார் செய்யும்போது உள்படலம் உரசி உரிந்துபோயிருந்தால் சுருங்குகிறது, உரியாமல் இருந்தால் விரிகிறது. 1980இல் அதை எழுதினார். அந்த வழியில் நைட்ரிக் ஆக்ஸைடு வரை போனதற்கு 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராட் இருவருக்கும் நோபல் கிடைத்தது. எனக்கு இந்தக் கதை பிடிக்கும், ஏனென்றால் எங்கள் வேலையிலும் அளப்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

டீயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் வர வேண்டும், காபி, டீ, சிகரெட் கூடாது, அன்று காலை வேகநடை கூடாது. கொழுப்பு நிறைந்த ஒரே ஒரு சாப்பாடு சில மணி நேரத்துக்கு ரத்தக் குழாய் விரிவதை மந்தமாக்கும் என்று 1997இலேயே காட்டியிருக்கிறார்கள். போனில் நான் தெளிவாகத்தான் சொல்வேன்: "எதுவும் சாப்பிடாம வாங்க." முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு டீ குடிப்பார். கேட்டால், "சாப்பிடலியேம்மா, டீதான்" என்பார். அவர் சொல்வது தமிழில் சரி. டீயை நாம் குடிக்கிறோம், சாப்பிடுவதில்லை. அப்புறம் நான் பட்டியலாகச் சொல்லப் பழகினேன்: டீ, காபி, பால், பூஸ்ட், இளநீர், வெற்றிலை, பீடி எதுவும் வேண்டாம், தண்ணீர் மட்டும். பாக்குக்கு ஒருவர் விதிவிலக்கு கேட்டார்.

இந்த வெறும் வயிற்று விவகாரத்தில் நாங்கள் ஒரு தப்பும் செய்தோம், அதை மறைக்க விரும்பவில்லை. சர்க்கரை உள்ள ஒருவர் அதிகாலையில் தன் கிளிமிபிரைடு மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்து, ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்தார். முன்னால் இருந்தவருக்கு நேரம் இழுத்துவிட்டது. எட்டிப் பார்த்தபோது சட்டை நனைந்திருந்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. குத்திப் பார்த்தால் சர்க்கரை 60க்குக் கீழே. குளுக்கோஸ் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தார், "இப்ப டீ குடிக்கலாமா?" என்று கேட்டார். சாப்பிடாமல் வரச் சொன்ன நாங்கள் சர்க்கரை மாத்திரையை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து சர்க்கரைக்காரர்களுக்கு முதல் நேரம், மாத்திரையை எப்போது போடுவது என்று முந்தைய நாளே டாக்டர் எழுதிக் கொடுப்பது, கையில் இட்லிப் பொட்டலம். எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னாலும், இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்கள் இதை வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள்.

ஸ்கேனின் கடைசியில் நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரே அடிப்போம், உள்படலத்தின் உதவி இல்லாமல் குழாய் தானாக எவ்வளவு விரிய முடியும் என்று பார்ப்பதற்கு. பலருக்குக் கொஞ்ச நேரம் தலைவலி வரும். அதற்கு முன்னால் கட்டாயம் ஒன்று கேட்க வேண்டும்: வயாக்ரா மாதிரி மாத்திரை ஏதாவது போட்டீர்களா? வயாக்ராவில் இருக்கும் சில்டனாஃபில் என்றால் 24 மணி நேரம், அதே வகை டடலாஃபில் என்றால் 48 மணி நேரம் ஆகாமல் இந்த மாதிரி நைட்ரேட் மருந்து கொடுத்தால் பி.பி. ஒரேயடியாக இறங்கிவிடும். அறுபத்தைந்து வயதுக்காரரிடம், மனைவி பக்கத்தில் நிற்க, நான் இதைக் கேட்டால் உண்மை வராது. ஆண் டெக்னீஷியன் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால் வருகிறது. ஒருவர் மாத்திரை எதுவும் இல்லை, ஆண்மைக்கு மூலிகைப் பொடி மட்டும் என்றார். ஸ்கேனைத் தள்ளி வைத்தோம். அந்த மாதிரி மூலிகைச் சரக்குகளில் சில்டனாஃபிலைக் கலந்து விற்பதை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எத்தனையோ தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடி மாத்திரையை பர்ஸில் வைத்திருக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டிய இடம் இது இல்லை.

என்னை அதிகம் திணறடித்த கேள்வி வேறு. படிவத்தில், "நாட்டு மருந்து, சித்த மருந்து, ஆயுர்வேத மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று இருக்கும். ஏறக்குறைய எல்லோரும் இல்லை என்பார்கள். எழுதிக்கொள்வேன். ஒரு அம்மா இல்லை என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டார்கள். அப்புறம் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது, "காலையில எந்திரிச்சதும் மருதம்பட்டை தண்ணி ஒரு டம்ளர், அப்பறம்தான் காப்பி" என்றார்கள். எனக்குப் பகீரென்றது. டம்மி கேப்ஸ்யூல் பக்கம் விழப் போகிறவர் வீட்டில் அதே பட்டையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் எதை எதோடு ஒப்பிடுவது? "கேட்டேனேம்மா, இல்லைன்னு சொன்னீங்களே?" என்றால், "மருந்துன்னு கேட்டிய. இது தண்ணிதான?" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் படிவம்தான் தப்பான கேள்வியைக் கேட்டது.

இப்போது நான் மருந்து என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கப் போகிறவரை வாயில் போடுவதை எல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள் என்பேன். பூண்டுப் பால், வெந்தயத் தண்ணீர், சீரகத் தண்ணீர், ஆவாரம்பூ டீ, மகன் துபாயிலிருந்து வாங்கி வந்த மீன் எண்ணெய், பக்கத்து வீட்டுக்காரர் மாதாமாதம் விற்கிற புரோட்டீன் டப்பா என்று கொட்டும். அப்பா அம்மாவை இதய டாக்டரிடம் கூட்டிப் போகிறவர்கள் முந்தைய நாள் இரவே வீட்டில் உட்கார்ந்து இதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், டப்பாக்களையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் முன்னால் கேட்டால், அவர் திட்டுவார் என்று பாதியை முழுங்கிவிடுவார்கள்.

ஏன் இவ்வளவு அக்கறை என்றால், சிலவற்றுக்கு நிஜமாகவே வீரியம் உண்டு. தொண்டைக்கு இதம் என்று அதிமதுரத்தைத் தினமும் நிறையச் சாப்பிட்டால் பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர் மாத்திரையும் டிஜாக்ஸின் என்ற இதய மாத்திரையும் எடுக்கிறவருக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். கொழுப்பைக் குறைக்கும் இயற்கை மருந்து என்று விற்கிற சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கும் மோனாகோலின் கே என்பது லோவாஸ்டாட்டின் என்ற மாத்திரையேதான். ஏற்கெனவே கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் எடுக்கிறவர் அதையும் விழுங்கினால் இரண்டு ஸ்டாட்டின் எடுப்பதற்குச் சமம். கிங்கோ என்ற மூலிகை, பூண்டுக் கேப்ஸ்யூல் போன்றவற்றை, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெலோடு சேர்த்தால் ரத்தக் கசிவு கூடும் ஆபத்து உண்டு. குழம்பில் போடுகிற பூண்டைச் சொல்லவில்லை, கேப்ஸ்யூலைச் சொல்கிறேன். பல் பிடுங்குவதோ ஆபரேஷனோ இருந்தால் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சரி, மருதம்பட்டைக்கு வருகிறேன். மருது என்றால் ஒரே மரம் என்று நினைத்திருந்தேன். நீர்மருது, கருமருது, பூமருது என்று இருக்கின்றன. இதயத்துக்கு என்று சொல்வது நீர்மருது, ஆற்றங்கரையில் வெள்ளையாய் வழவழவென்று நிற்பது, வெண்மருது என்பதும் அதையே. கருமருது அதன் பங்காளி, பட்டை முதலைத் தோல் மாதிரி வெடித்திருக்கும். பூமருது வேறு குடும்பம். மரமாக நின்றால் அடையாளம் தெரியும், காய்ந்து துண்டாகிச் சாக்கில் கிடந்தால் கடைக்காரருக்கே சிரமம், பொடியாக்கிவிட்டால் சுத்தம். ஆய்வுக்கு வருகிற எக்ஸ்ட்ராக்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் சோதனைச் சீட்டு வரும்: எந்தப் பாகம், எதில் ஊறவைத்துப் பிரித்தது, குறிப்பிட்ட பொருள்கள் எத்தனை சதவீதம், ஈயம், பாதரசம் எவ்வளவு என்று. வீட்டுக்கு வாங்குகிற பொடியில் இது எதுவும் இருக்காது.

அதேபோல எடைக் கணக்கு. பத்து கிலோ பட்டையிலிருந்து ஒரு கிலோ சத்து எடுத்தால், அதை அடைத்த 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஐந்து கிராம் பட்டைக்குச் சமம். தண்ணீரில் எடுத்ததா, ஆல்கஹாலில் எடுத்ததா என்பதைப் பொறுத்து உள்ளே இருப்பதும் மாறும். அதனால் ஒரு ஆய்வில் கேப்ஸ்யூல் நன்றாக வேலை செய்தது என்று செய்தி வந்தால் அது உங்கள் வீட்டுக் கஷாயத்துக்குப் பொருந்தாது, உங்கள் கஷாயம் சாதுவானது என்பதால் கேப்ஸ்யூலும் சாது என்று சொல்லவும் முடியாது. கடையில் விற்கிற ஃபுட் சப்ளிமென்ட் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று சட்டப்படி அச்சடித்திருப்பார்கள். முன்பக்கத்தில் இதயம் வரைந்திருக்கும், பின்பக்கத்தில் இந்த வரி.

இதற்கு முன் யாரும் சோதித்ததில்லையா என்று படித்த நோயாளிகள் கேட்பார்கள். சோதித்திருக்கிறார்கள். மருதம்பட்டையை வைத்து இந்தூரில் பரணி குழு செய்தவை பலரும் மேற்கோள் காட்டுபவை. 2002இல் வெளிவந்ததில் நெஞ்சுவலி உள்ள 58 ஆண்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் கொடுத்து, டம்மியோடும் நைட்ரேட் மாத்திரையோடும் ஒப்பிட்டார்கள். டம்மியைவிட நன்றாகவும் நைட்ரேட்டுக்கு நிகராகவும் இருந்தது, ஆனால் ஒவ்வொன்றும் ஒரே வாரம்தான். 2004இல் சிகரெட் பிடிக்கிற 18 பேரிடம் இதே கை ஸ்கேனை எடுத்தார்கள், இரண்டே வாரத்தில் குழாய் விரிவது கூடியது. அப்புறம் டில்லி எய்ம்ஸில் இதயம் பலவீனமானவர்களுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், 2016இல் முடிவு வந்தது, இதயம் பம்ப் செய்யும் அளவு கூடவில்லை. வெளிநாட்டிலும் இதே கதைதான். ஜூரிச்சில் பிரெஞ்சு பைன் மரப்பட்டைச் சத்தை, பைக்னோஜெனால் என்று விற்பது, 23 இதய நோயாளிகளுக்கு நாளுக்கு 200 மில்லிகிராம் எட்டு வாரம் கொடுத்ததில் குழாய் விரிவது 5.3 சதவீதத்திலிருந்து 7.8 ஆனது. 2012இல் வந்தது. 23 பேர்தான். ஹாதார்ன் என்கிற முட்செடியின் சத்தை ஐரோப்பாவில் 2,681 பேருக்குக் கொடுத்தும் கொடுக்காமலும் இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வு 2008இல் வந்தது. கெடுதல் இல்லை. முக்கியமாக எதிர்பார்த்த பலனும் நிரூபணமாகவில்லை.

குழாய் விரிந்தால் ஹார்ட் அட்டாக் குறையும் என்று நம்மை அறியாமலே ஒரு கோடு போட்டுவிடுகிறோம், எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் இதே ஸ்கேனில் குழாய் அருமையாக விரியும் என்று பல ஆய்வுகள் சொல்லின. 1998இல் ஹெர்ஸ் ஆய்வின் முடிவு வந்தது. ஏற்கெனவே இதய நோய் உள்ள 2,763 பெண்கள், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த ஹார்மோன் மாத்திரை ஒரு பக்கம், டம்மி ஒரு பக்கம், நாலு வருடம். ஹார்ட் அட்டாக் குறையவில்லை, முதல் வருடத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகம். ஸ்கேனில் ஜெயித்து மனிதர்களிடம் தோற்றது. எங்கள் ஆய்வு நல்லபடியாக முடிந்தாலும் அது சொல்லப்போவது ஒரு தாளின் தடிமனைப் பற்றித்தான். நாளைக்கு இதை வைத்து யாராவது இதய அடைப்பைக் கரைக்கும் மருதம் என்று விளம்பரம் போட்டால் என்னிடம் வராதீர்கள்.

இந்த வேலையில் எனக்கு ராத்திரித் தூக்கம் போனது ஒரே ஒரு தடவை. ஸ்டென்ட் வைத்து நாலு மாதமான ஒருவர், பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாத்திரைக் கணக்கு கச்சிதமாகக் கொண்டுவருவார். மற்ற மாத்திரை அட்டைகளையும் எடுத்துவரச் சொல்வது எங்கள் வழக்கம். ஆறாவது வார வருகையில் பையைக் கவிழ்த்தால் குளோபிடோகிரெல் அட்டை இரண்டும் பிரிக்காமல் கிடந்தன. "இது ஏன் சார் அப்படியே இருக்கு?" "அதான் நீங்க குடுத்தது இருக்கே. ரத்தக் குழாய்க்கு நல்லதுன்னு நீங்கதான சொன்னீங்க. எதுக்கு ரெண்டு மருந்து?" நான் சொன்னது, ரத்தக் குழாய்க்கு நல்லதா என்று பார்க்கிறோம். அதிலிருந்து ஒரு கால் போயிருந்தது. நல்லதா என்பது அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நல்லது ஆகிவிட்டது. புதிதாக ஸ்டென்ட் வைத்தவர் அந்த மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம், அது சாவு வரை போகும். அன்றைக்கே டாக்டர் மறுபடி ஆரம்பித்தார், தெய்வாதீனமாக எதுவும் நடக்கவில்லை. இன்னொரு விஷயம் ராத்திரிதான் உறைத்தது. அவர் கையில் இருந்தது டம்மியாகவும் இருந்திருக்கலாம். ஒன்றுமில்லாத மாவை நம்பி ஒரு மனுஷன் இத்தனை வாரம் நடமாடியிருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் பேசுகிற விதத்தை மாற்றினேன். இது வேலை செய்யாமலே போகலாம், உங்களுக்கு வருவது வெறும் மாவாகவும் இருக்கலாம், பழைய மாத்திரையில் ஒன்றைக்கூட நிறுத்தக் கூடாது, இந்த மூன்றையும் சொல்லிவிட்டு, இப்போது நான் சொன்னதை நீங்கள் எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள் என்பேன். சிலருக்குக் கோபம் வரும், நான் என்ன ஸ்கூல் பிள்ளையா என்று. பரவாயில்லை.

அந்தப் பதினாலு பக்கத்துக்கும் வருகிறேன். ஒரு ஆய்வில் சேரச் சொல்லி உங்களையோ உங்கள் வீட்டாரையோ கேட்டால், கையெழுத்துக்கு முன்னால் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க நேரம் கேளுங்கள், தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருந்து கேட்டு, கைநாட்டுக்குப் பக்கத்தில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பிரதி உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். அதில் எதிக்ஸ் கமிட்டியின் போன் நம்பர் இருக்கிறதா, ஆய்வால் உடம்புக்கு ஏதாவது வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் யார் தருவது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் விலகினால் வழக்கமான வைத்தியத்தில் குறை வைக்க மாட்டோம் என்ற வரியும் இருக்க வேண்டும். இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவெண் கேளுங்கள். இந்தியாவில் நடக்கிற ஆய்வுகளை அதில் பதிய வேண்டும் என்று 2009 முதல் கட்டாயம், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும் என்று 2018 முதல். இணையத்தில் யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஆய்வு மாத்திரைக்கோ ஆய்வு ஸ்கேனுக்கோ உங்களிடம் காசு கேட்டால் நிச்சயம் ஏதோ கோளாறு.

திருப்புடைமருதூர்ப் பக்கத்துப் பெரியவர் கடைசியில் சேர்ந்தார். காத்திருக்கும் பெஞ்சில் அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவரோடு சிநேகமாகி, இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து போக ஆரம்பித்தார்கள். ஒரு வருகையில் பாட்டிலை எண்ணுகிறேன், அம்பாசமுத்திரத்தாரிடம் இருக்க வேண்டியதைவிட ஒன்று கூடுதல், பெரியவரிடம் மூன்று குறைவு. மாத்திரை குறைவது சகஜம், குட்டி போட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்டேன். பஸ்ஸில் வரும்போது ஆளுக்கு ஒரு கேப்ஸ்யூலைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். யாருடையது துவர்க்கிறதோ அவருக்குத்தான் நிஜம் என்று பந்தயம். தெளியாமல் இன்னொரு முறை திறந்து, மிச்சத்தை மூடும்போது மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

கோபம் வரவில்லை, ஏனென்றால் இது இவர்களோடு ஆரம்பித்த வேலை இல்லை. 1975இல் வெளிவந்த, அமெரிக்காவின் என்.ஐ.ஹெச். என்ற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்து ஊழியர்களையே வைத்துச் செய்த வைட்டமின் சி ஆய்வில் பலரும் கேப்ஸ்யூலைத் திறந்து ருசி பார்த்துவிட்டார்கள். டம்மியில் இருந்தது லாக்டோஸ், புளிப்பு இல்லாததால் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆராய்ச்சி நிலையத்துக்காரர்களே அப்படி என்றால் இவர்களைச் சொல்லி என்ன? எங்கள் டம்மிக்குத் துவர்ப்பு சேர்த்திருக்கிறார்களா என்று தயாரித்தவர்களுக்குத்தான் தெரியும்.

விதிமீறல் படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். இருவரும் எதிரே குற்றவாளிகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். "காரணம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பெரியவர் மெதுவாகக் கேட்டார், "எம்மா, ரெண்டுமே துவத்துச்சு. அப்ப எங்க ரெண்டு பேருக்குமே நிஜந்தானா?"

தெரியாது ஐயா என்றேன். அவர் நம்பவில்லை.